முதல் வாடகைப் படகுப் பயணம்: ஆழ்கடல் தூண்டிலுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

வாடகைப் படகில் ஆழ்கடலுக்குப் போய் வந்த தூண்டில்காரர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எளிதில் முடியாது. அந்தப் பேச்சைக் கூர்ந்து கேட்டால் ஒன்று விளங்கும். மீனின் எடையைச் சொல்ல அவர்களுக்கு அரை நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் முடிச்சைச் சரிபார்க்காமல் விட்டது, கேப்டன் சொன்னதைக் காதில் வாங்காமல் ரீலை (நரம்பைச் சுற்றும் உருளையை) இறுக்கியது, காலை ஏழு மணிக்கே குமட்டல் தொடங்கிப் பகல் முழுவதும் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது என்று போகும். இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றின் முடிவு படகு கரையை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பது, பல பயணங்களுக்குப் பிறகு எனக்கு ஏற்பட்ட எண்ணம். ஆகவே இந்த வழிகாட்டியில் கரையில் செய்ய வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எந்த மாதிரியான நாள் வேண்டும் என்று தீர்மானியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் "பெரிய மீன் வேண்டும்" என்று மட்டும் சொல்லிப் படகைப் பதிவு செய்கிறார்கள். ஆனால் பெரிய மீனைத் தேடும் நாளும், நிறைய மீன் பிடிக்கும் நாளும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஈட்டி போல நீண்ட மூக்குள்ள மர்லின், மயில்மீன், சூரை போன்ற திறந்த கடல் மீன்களுக்குப் பொதுவாக இழுவைத் தூண்டில் முறைதான் கையாளப்படுகிறது. படகு மணிக்கு ஆறு முதல் ஒன்பது கடல் மைல் வேகத்தில் சென்றுகொண்டே இருக்க, பின்னால் நான்கைந்து தூண்டில் நரம்புகளில் போலி இரைகள் நுரை கிளப்பியபடி வரும். இதில் மணிக்கணக்காக எதுவுமே நடக்காமல் இருக்கலாம். நடக்கும்போது எல்லாம் ஒரே நொடியில் நடக்கும். பொறுமை குறைந்தவருக்கும் சிறுவர்களுக்கும் இது ஏற்ற நாள் அல்ல.

அடித்தூண்டில் முறையில் படகு ஒரு பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) மேல் நங்கூரமிட்டோ மிதந்தோ நிற்க, ஈயக்குண்டு கட்டிய நரம்பைக் கடலடி வரை இறக்கிக் களவா போன்ற மீன்களைப் பிடிப்பார்கள். மீன் அடிக்கடி கடிக்கும், கைக்கு வேலை இருக்கும், முதல்முறை வருபவர் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்புக் குறைவு. ஆனால் நிற்கும் படகு ஓடும் படகைவிட அதிகமாக ஆடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றாவது வகை, ஜிக் எனப்படும் கனமான உலோகப் போலி இரையை ஆழத்தில் இறக்கித் துள்ளவைத்து இழுப்பது, அல்லது பாப்பர் எனப்படும் மிதக்கும் போலி இரையை வீசி நீர்ப்பரப்பில் சலசலக்க வைத்துப் பாறை மீனை மேலே வரவழைப்பது. இதற்கு உடல் வலு வேண்டும். ஒரு மணி நேரம் பாப்பர் வீசியவர் மறுநாள் தோளைத் தூக்கச் சிரமப்படுவார்.

முதல் பயணத்துக்கு அரை நாள் அடித்தூண்டிலையே நான் பரிந்துரைப்பேன். நிறையப் பேர் இதை ஏற்கமாட்டார்கள். கனவு மீனுக்காகப் பணம் சேர்த்தவரிடம் சிறிய மீனைப் பற்றிப் பேசுவது அழகல்ல என்பார்கள். ஆனால் ரீலைச் சுற்றிப் பழகாத கைக்குப் பெரிய மீன் கிடைத்தால் அந்த மீனையும் இழந்து நாளையும் இழப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: படகும் நேரமும்

முழுப் படகையும் உங்கள் குழுவே எடுத்துக்கொள்வது ஒரு வகை. முன்பின் அறியாத பலருடன் ஆளுக்கு ஓர் இடம் என்று கட்டணம் கட்டிச் செல்வது இன்னொரு வகை. இரண்டாவதில் செலவு குறைவு, ஆனால் எந்த மீனைத் தேடுவது, எப்போது இடம் மாறுவது என்பதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. பக்கத்தில் நிற்பவரின் நரம்போடு உங்கள் நரம்பு சிக்குவதும் சகஜம். தனியாகச் செல்பவர் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல இடமும் இல்லை. சுற்றிலும் பத்துப் பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தே பாதியைப் பிடித்துக்கொள்ளலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அரை நாள் என்றால் பல இடங்களில் நான்கு மணி நேரம், முழு நாள் என்றால் எட்டு மணி நேரம். மீன்பிடி இடம் 25 கடல் மைல் தொலைவில் இருந்து, படகு மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் ஓடினால், போகவும் வரவும் மட்டும் ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம் ஆகிவிடும். அரை நாள் பயணத்தில் தூண்டில் நீரில் இருப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே எத்தனை மணி நேரம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், தூண்டில் எவ்வளவு நேரம் நீரில் இருக்கும் என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: கேப்டனிடம் பேசுங்கள்

இணையத்தில் பதிவு செய்தாலும், ஒருமுறையாவது கேப்டனிடம் நேரடியாகத் தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. பயணிகளை ஏற்றும் உரிமமும் காப்பீடும் உண்டா, எல்லோருக்கும் உயிர்காப்பு உடை உண்டா, கப்பல்களோடும் கரையோடும் பேச உதவும் விஎச்எஃப் வானொலியும், கடலில் ஆபத்து நேர்ந்தால் செயற்கைக்கோள் வழியே அழைப்பு விடுக்கும் அவசரக் கருவியும் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல கேப்டனுக்கு இந்தக் கேள்விகள் கோபத்தை உண்டாக்குவதில்லை. அதன்பின் வானிலை கெட்டால் பயணத்தை ரத்து செய்வது யார், முன்பணம் திரும்புமா அல்லது வேறு தேதிக்கு மாறுமா, நடுவழியில் என்ஜின் பழுதானால் என்ன ஏற்பாடு என்பவற்றைக் கேட்டு, கிடைத்த பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிடிபட்ட மீன் யாருக்குச் சொந்தம் என்பது பலரும் கேட்க மறக்கும் கேள்வி. சில துறைமுகங்களில் பெரிய மீன் படகுக்குச் சொந்தம். விருந்தாளிக்கு ஒரு பங்கு மட்டும் வெட்டித் தருவார்கள். என் மூன்றாவது பயணத்தில் இதைக் கேட்காமல் ஏறிவிட்டேன். நாற்பது நிமிடம் போராடி ஏற்றிய சூரையை, படகு கரை சேர்ந்ததும் யாரோ ஒருவர் வந்து தள்ளுவண்டியில் வைத்து எடைத் தட்டுக்குக் கொண்டுபோனார். கேப்டன் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். நான் கையில் ஒரு புகைப்படத்துடன் நின்றேன். தவறு அவருடையது என்று அன்று முழுவதும் புலம்பினாலும், கேட்காமல் விட்டவன் நான்தான்.

அவர் பதில் சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். "கட்டாயம் மீன் கிடைக்கும்" என்று உறுதி கொடுப்பவரைவிட, போன வாரம் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, இந்தப் பருவத்தில் எதை எதிர்பார்ப்பது நியாயம் என்று சொல்பவரையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் புதியவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அனுபவசாலி என்று காட்டிக்கொண்டு ஏறியவருக்கு யாரும் எதையும் கற்றுத்தரமாட்டார்கள்.

நான்காம் படி: காற்றையும் அலையையும் படியுங்கள்

பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே கடல் வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். அதில் சொல்லப்படும் அலை உயரம், எல்லா அலைகளின் சராசரி அல்ல; மிக உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஒன்றரை மீட்டர் என்று போட்டிருந்தால், இடையிடையே மூன்று மீட்டரை நெருங்கும் தனி அலையும் வரலாம். இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் அலை பன்னிரண்டு நொடிக்கு ஒன்று வந்தால் படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும்; அதே உயரம் ஐந்து நொடிக்கு ஒன்று வந்தால் நிற்கவே முடியாது. நீரோட்டம் ஒரு திசையிலும் காற்று அதற்கு எதிர்த்திசையிலும் இருந்தால் அலைகள் குறுகிச் செங்குத்தாகிவிடும். கேப்டன் "இன்று வேண்டாம்" என்று சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. வற்புறுத்தி அழைத்துச் சென்ற பயணங்களைப் பற்றி யாரும் மகிழ்ச்சியோடு பேசி நான் கேட்டதில்லை.

ஐந்தாம் படி: குமட்டலுக்கு முன்கூட்டியே மருந்து

கடல் குமட்டலுக்கும் துணிச்சலுக்கும் தொடர்பே இல்லை. உள்காது உடல் ஆடுகிறது என்கிறது. படகின் அறைக்குள்ளோ கைப்பேசித் திரையிலோ பதிந்திருக்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த இரண்டு செய்திகளும் முரண்படுவதால்தான் வயிறு புரள்கிறது. எனவே கண்ணுக்கு அசைவைக் காட்டுவதே முதல் வைத்தியம்: வெளியே நின்று தொடுவானத்தைப் பாருங்கள். படகின் நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ தாழ்வான இடத்தில் ஆட்டம் குறைவு. முனைப்பகுதியிலும் மேல்தளத்திலும் அதிகம். டீசல் புகை முகத்தில் படும் இடத்தில் நிற்காதீர்கள்.

மருந்தைக் குமட்டல் வந்தபின் விழுங்குவதில் பயன் மிகக் குறைவு. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் போன்ற மாத்திரைகளைப் படகு ஏறுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பும், காதின் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பும் பயன்படுத்த வேண்டும். இவை தூக்கத்தையும் வாய் உலர்வையும் தரலாம். கண் அழுத்த நோய், சிறுநீர்த் தடை போன்றவை உள்ளவர்களும், வேறு மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குவதும், மதுவைத் தவிர்ப்பதும், காலையில் வெறும் வயிற்றோடு போகாமல் எண்ணெய் இல்லாத சிறு உணவை உண்பதும் உதவுகின்றன. அப்படியும் வாந்தி வந்தால் காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய்க் குனியுங்கள். கழிவறைக்குள் போய் அடைந்துகொள்வது நிலைமையை மோசமாக்கும்.

ஆறாம் படி: பை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரையில் தடம் பதிக்காத, வழுக்காத அடிப்பாகம் கொண்ட காலணி, முழுக்கைச் சட்டை, நாடா கட்டிய தொப்பி, நீரின் கண்கூச்சத்தை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி, சூரியப் பூச்சு, தேவைக்கு மேல் குடிநீர், நீர் புகாத உறையில் கைப்பேசி, அவ்வளவுதான். சூரியப் பூச்சைத் தடவிய கையால் இரையையும் நரம்பையும் தொடாதீர்கள். சக்கரம் வைத்த பெட்டியைக் கொண்டுவராதீர்கள். படகில் அதற்கு இடமில்லை. இன்னொன்று: வாழைப்பழம் படகுக்கு ஆகாது என்று உலகம் முழுக்கத் தூண்டில் படகுக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கொண்டுபோவதில்லை, மீன் கிடைக்காத நாளில் பழி என் பைமேல் விழ வேண்டாம் என்பதே காரணம்.

ஏழாம் படி: படகில் முதல் அரைமணி நேரம்

ஏறியதும் உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது, தீயணைப்பான் எங்கே, ஆள் கடலில் விழுந்தால் என்ன செய்வது என்று கேப்டன் சொல்வார்; சொல்லாவிட்டால் கேளுங்கள். யாராவது விழுந்தால் ஒருவர் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக் கையால் சுட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அலைகளுக்கு நடுவே ஒரு தலையை மறுபடி கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

மீன்பிடி இடத்தை அடையும் வரை தூங்காமல் உதவியாளரின் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவர் இரையைக் கோர்ப்பதையும், லீடர் நரம்பில் (முள்ளுக்கு அருகே இணைக்கும் வலுவான நரம்புத் துண்டில்) முடிச்சிட்டு எச்சிலால் நனைத்து இறுக்குவதையும் பாருங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் முடிச்சு பலவீனப்படும் என்பதற்காகவே அவர் நனைக்கிறார். தூண்டில் முள் எந்த வகை என்று கேளுங்கள். வளைமுள் எனப்படும் வட்ட வடிவ முள் என்றால், மீன் கடித்ததும் தூண்டில் கோலை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. நரம்பை நிதானமாக இறுகவிட்டால் முள் தானாக நழுவிவந்து மீனின் வாயோரத்தில் மாட்டும். சாதாரண முள் என்றால் உறுதியான ஓர் இழுப்பு வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால்தான் முதல்முறை வருபவர்கள் முதல் மூன்று மீன்களை இழக்கிறார்கள்.

ரீலின் டிராக்கையும் புரிந்துகொள்ளுங்கள். மீன் எவ்வளவு வலுவாக இழுத்தால் நரம்பு வெளியே ஓட வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் பிடிமானம் அது. நரம்பு அறுபடும் வலுவில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வைப்பது பொது வழக்கம். 24 கிலோ தாங்கும் நரம்புக்கு 6 முதல் 8 கிலோ. உதவியாளர் இதைச் சுருள்வில் தராசில் இழுத்துப் பார்த்து வைத்திருப்பார். நீங்கள் அதைத் தொட வேண்டியதில்லை.

இதை நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். என் இரண்டாவது பயணத்தில் ஒரு மீன் இரையைக் கவ்விக்கொண்டு ஓடத் தொடங்கியது. ரீலில் நரம்பு குறைந்துகொண்டே போனது. சுருளின் அடியில் இருக்கும் உலோகம் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், "விடுங்கள், விடுங்கள்" என்று உதவியாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிராக்கைக் கால் சுற்று இறுக்கினேன். நரம்பிலிருந்து தெறித்துக்கொண்டிருந்த நீர்த்துளிகள் ஒரு கணம் நின்றன. பிறகு துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம், கோல் நிமிர்ந்துவிட்டது. அவர் எதுவும் சொல்லாமல் மீதி நரம்பைச் சுற்றித் தந்தார். அறுந்த நுனி சுருண்டு வந்தது.

என்ன நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. ரீலில் நரம்பு குறையக் குறையச் சுருளின் விட்டமும் குறைகிறது. அதனால் டிராக்கைத் தொடாமலே அதன் பிடி கூடுகிறது. விட்டம் பாதியானால் இழுவிசை இரட்டிப்பாகும். கூடவே, கடலுக்குள் இருக்கும் முந்நூறு மீட்டர் நரம்பை நீரே பிடித்திழுக்கும். அந்த நிலையில் டிராக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். புதியவரின் பயமோ இறுக்கச் சொல்கிறது.

எட்டாம் படி: மீன் மாட்டிய பிறகு

இழுவைத் தூண்டிலில் மீன் மாட்டினால் நரம்பு ஓடும்போது ஒலி எழுப்பும் ரீலின் கிளிக்கர் அலறும். அந்தக் கணத்தில் படகில் இருக்கும் அனைவரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நீங்கள் கேப்டன், உதவியாளர் இருவரின் குரலை மட்டும் கேளுங்கள். யார் கோலை எடுப்பது என்பதைக் காலையிலேயே முறைவைத்துப் பேசியிருந்தால் இங்கே சண்டை வராது. மற்ற கோல்களின் நரம்புகளைச் சுற்றி எடுப்பதில் எஞ்சியவர்கள் உதவலாம்.

மீன் ஓடும்போது சுற்றாதீர்கள். நரம்பு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பின்னிங் எனப்படும் வகை ரீலில் நரம்பு முறுக்கேறிப் பாழாகும். உங்கள் வலுவும் வீணாகும். அது நின்றதும் வேலை தொடங்குகிறது: கோலைச் சீராக உயர்த்தி, பிறகு தாழ்த்திக்கொண்டே சுற்ற வேண்டும், தாழ்த்தும்போது நரம்பு தளரக்கூடாது. கோலைத் தலைக்கு மேல் செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள். சுமை முழுவதும் மெல்லிய நுனிப்பகுதிக்கு ஏறிக் கோல் முறியும். கையால் இழுக்காமல், முழங்காலைச் சற்று மடக்கி உடல் எடையைப் பின்னுக்குச் சாய்த்து இழுங்கள். கோலின் அடியை இடுப்புப் பட்டையில் ஊன்றிக்கொள்ளாவிட்டால் மறுநாள் தொடையிலும் அடிவயிற்றிலும் நீலம் பாரித்திருக்கும்.

களைத்துவிட்டால் கோலை வேறொருவரிடம் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம், மகிழ்ச்சிக்காகத்தானே வந்திருக்கிறீர்கள். ஆனால் சாதனைப் பதிவில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் விதி வேறு. 1939-இல் தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிக் கழகத்தின் விதிப்படி, மீன் மாட்டியதிலிருந்து அது படகருகே வரும் வரை கோலையோ ரீலையோ நரம்பையோ வேறொருவர் தொட்டாலே அந்த மீன் பதிவுக்குத் தகுதி இழக்கும். லீடரை மட்டும் உதவியாளர் பிடிக்கலாம். 1953 ஆகஸ்ட் 4 அன்று பெரு நாட்டின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த 1,560 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 707 கிலோ எடையுள்ள கருப்பு மர்லினும், 1979 அக்டோபர் 26 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கென் ஃபிரேசர் பிடித்த 679 கிலோ நீலத்துடுப்புச் சூரையும் இந்த விதிகளின்கீழ் பதிவானவையே.

மீன் படகருகே வந்துவிட்டதும் வெற்றி கிடைத்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். படகின் நிழலைக் கண்டதும் அது இன்னொருமுறை பாயும். குறுகிய நரம்பில் தாங்கும் நீட்சி குறைவு என்பதால் அறுபடுவது பெரும்பாலும் அப்போதுதான். உதவியாளர் கையுறை அணிந்து லீடரைப் பிடிப்பார். அவர் கையைக் கவனியுங்கள்: தேவைப்பட்டால் உடனே விட்டுவிடும்படி அளவோடுதான் சுற்றியிருப்பார். நீங்கள் அதைப் பார்த்துப் பழகலாமே தவிர, ஒருபோதும் நரம்பைக் கையிலோ விரலிலோ சுற்றாதீர்கள். பெரிய மீன் பாய்ந்தால் விரல் போகும், சில நேரங்களில் ஆளே கடலுக்குள் போவார்.

ஒன்பதாம் படி: விடுவதும் வைத்துக்கொள்வதும்

விடப்போகும் மீனை நீரிலிருந்து தூக்காமல் படகோரத்திலேயே படமெடுத்துவிடுவது சிறந்தது. தூக்கியே தீர வேண்டிய சிறிய மீன் என்றால் கையை நனைத்துக்கொண்டு, ஒரு கையால் வாலடியையும் மறுகையால் வயிற்றின் கீழும் தாங்கிக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். தாடையில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடும் படம் பார்க்க எடுப்பாக இருந்தாலும், உள்ளுறுப்புகளின் எடை மீனைக் காயப்படுத்திவிடும். கேமராவைத் தயாராக வைத்தபின் மீனைத் தூக்குங்கள்.

அடித்தூண்டிலில் ஆழத்திலிருந்து வரும் மீன்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முப்பது மீட்டரிலிருந்து மேலே இழுத்த மீனின் காற்றுப்பைக்குள் இருக்கும் வாயு நான்கு மடங்கு விரிய முயலும். கண் பிதுங்கி, வயிறு வாய்வழியே வெளித்தள்ளியிருக்கும் அத்தகைய மீனை அப்படியே விட்டால் மேலேயே மிதந்து பறவைக்கு இரையாகும். எடை கட்டி அதை மறுபடி ஆழத்துக்கு இறக்கிவிடும் எளிய கருவி இருக்கிறது. படகில் அது உண்டா என்று முன்பே கேளுங்கள்.

வைத்துக்கொள்ளும் மீனை வெயிலில் கிடத்தாதீர்கள். சூரைக்கு இது மிக முக்கியம். போராட்டத்தில் அதன் தசை நன்றாகச் சூடேறியிருக்கும். உடனே இரத்தத்தை வடித்து, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த கூழில் முழுமையாக அமிழ்த்த வேண்டும். சூரை இனத்து மீன்கள் சூட்டில் கிடந்தால் உண்பவருக்கு ஒவ்வாமை போன்ற கோளாறைத் தரும் ஹிஸ்டமின் உருவாகும். அதைச் சமைத்தாலும் போக்க முடியாது. வெப்பமண்டலப் பார்களில் பிடிக்கப்படும் பெரிய சீலா, களவா போன்றவற்றில் சிகுவாட்டெரா நச்சு இருக்கக்கூடும். அதற்கும் நிறமோ மணமோ இல்லை, சமைத்தாலும் அழியாது. எந்த மீனை உண்ணலாம் என்பதில் அந்தக் கடலை அறிந்த கேப்டனின் சொல்லே இறுதி.

அளவுக் கட்டுப்பாடும் எண்ணிக்கை வரம்பும் தெரியாமல் வைத்துக்கொள்ளாதீர்கள். உதவியாளருக்குத் தனியே அன்பளிப்பு தரும் வழக்கம் பல துறைமுகங்களில் உண்டு. மீன் கிடைக்காத நாளில்தான் அவர் அதிகம் உழைத்திருப்பார் என்பதை நினைவில் வைத்துக் கொடுங்கள்.

பத்தாம் படி: கனவுப் பயணம்

நான்கைந்து உள்ளூர்ப் பயணங்களுக்குப் பிறகு உலகப்புகழ் பெற்ற இடங்களை நினைக்கலாம். இங்கே பலரும் செய்யும் தவறு, விடுமுறையை முதலில் முடிவு செய்துவிட்டு இடத்தைத் தேடுவது. பருவம் முதலில், இடம் அடுத்து, விடுமுறை கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில், கெய்ர்ன்ஸ் தொடங்கி வடக்கே லிசார்ட் தீவு வரை பெரிய கருப்பு மர்லின் வருவது செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான். ஏப்ரலில் அங்கே போய் மர்லினைத் தேடுவதில் பொருளில்லை. ஹவாயின் கோனா கடற்கரையில் எரிமலைத் தீவின் சரிவு கரைக்கு அருகிலேயே ஆழ்கடலாக இறங்குவதால், துறைமுகத்தைவிட்டுச் சிறிது தூரத்திலேயே நீல மர்லினுக்குத் தூண்டில் போட முடிகிறது. ஓட்டத்தில் நேரம் வீணாகாத இடம் அது. குவாத்தமாலாவின் பசிபிக் கரை மயில்மீனுக்கும், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு கோடையின் இறுதியிலிருந்து இலையுதிர்காலம் வரை ராட்சத நீலத்துடுப்புச் சூரைக்கும் பெயர் பெற்றவை.

எங்கே போனாலும் ஒருநாள் பதிவோடு நிறுத்தாதீர்கள். வெகுதூரம் பறந்து சென்று ஒரே ஒரு நாள் பதிவு செய்தவர், அன்று காற்று வீசினால் விடுதி ஜன்னலிலிருந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மூன்று மீன்பிடி நாட்களும் காற்றுக்காக ஒரு வெற்று நாளும் என்பது என் கணக்கு. செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஓராண்டு தள்ளிப்போடுவதே மேல்.

பதினோராம் படி: அன்றிரவே எழுதுங்கள்

மீன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கொஞ்சம் வளரும். அதைத் தடுக்க விரும்புபவர் விடும் முன் இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து வாலின் பிளவு வரையிலான நீளம், உடலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு. இரண்டையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 28,900-ஆல் வகுத்தால் கிலோவில் ஏறத்தாழ எடை வரும். 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் சுற்றளவும் கொண்ட மீன் 15 கிலோவை நெருங்கும். மீனைக் கொல்லாமலே அதன் மாதிரியைச் செய்து சுவரில் மாட்ட விரும்புவோருக்கும் இந்த இரண்டு அளவுகளும், பக்கவாட்டில் எடுத்த ஒரு தெளிவான படமும் போதும்.

எண்களைத் தவிர வேறு சிலவற்றையும் குறித்துவையுங்கள். காற்று எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர் பச்சையிலிருந்து நீலமாக எங்கே மாறியது, பறவைகள் உயரத்தில் வட்டமிட்டனவா நீரை ஒட்டிப் பாய்ந்தனவா, எந்த நிற இரையைக் கவ்வியது, கேப்டன் எதைப் பார்த்துப் படகைத் திருப்பினார் என்பவை ஒரு வாரத்தில் மறந்துபோகும். அடுத்த பயணத்துக்கு உதவுபவை அவையே. மீன் எதுவும் கிடைக்காத நாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என் குறிப்பேட்டில் நான் அடிக்கடி புரட்டுவது அத்தகைய ஒரு பக்கத்தைத்தான்: ஒன்பது மணி நேரம், ஒரு கடிகூட இல்லை, திரும்பும் வழியில் ஒரு மிதக்கும் மரத்துண்டின் கீழ் நூற்றுக்கணக்கான சிறு மீன்கள் அதன் நிழலைப் போலவே நகர்ந்துகொண்டிருந்தன, உதவியாளர் என்ஜினை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் எட்டிப்பார்க்க வைத்தார்.

ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். படகு நின்ற இடத்தின் ஜிபிஎஸ் எண்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்வது கேப்டனின் பெட்டியிலிருந்து பணம் எடுப்பதற்குச் சமம். அந்த எண்களை அவர் பல ஆண்டுகள் எரிபொருள் செலவழித்துச் சேர்த்திருப்பார். படத்தில் கரையோரக் குன்றோ திரையிலுள்ள வரைபடமோ தெரிகிறதா என்று பார்த்துவிட்டே பொதுவெளியில் பகிருங்கள். நல்ல படங்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, உதவியாளர் லீடரைப் பிடித்திருக்கும் ஒன்றையும் சேர்த்து, அன்றிரவே அவருக்கு அனுப்பிவிடுங்கள். நாள்தோறும் பிறரைப் படமெடுத்துக் கொடுப்பவர் அவர். அவர் இருக்கும் படம் அவரிடம் பெரும்பாலும் இருப்பதில்லை.